புகை அடுப்பில் வெந்த சீஸ் கிழங்கு

1934 மார்ச் 11, ஞாயிறு. இரவு 10.40. வைத்த உருளைக்கிழங்கு பதினெட்டு, மிச்சம் ஒன்றுமில்லை.

ருசியில் குறை என்று ஒருவனும் சொல்ல முடியாது. பழைய இரும்புப் பீப்பாயில் நானே செய்த புகை அடுப்பு அது. தேங்காய் மட்டைப் புகையில் இரண்டு மணி நேரம் வேகவிட்டு, மேலே டின் சீஸைத் துருவிப் போட்டு உருக்கினேன். "பால்தானேடா" என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

அக்காவைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்தவர்கள் சுத்த சைவம். மாப்பிள்ளையின் அப்பா மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "ஏன் தம்பி, பாலை எப்படி இவ்வளவு கட்டியாக்குறான்?" என்றார். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் சாற்றை ஊற்றி உறைய வைக்கிறார்கள் என்றேன். நான் வேலை பார்க்கும் பட்டறையில் யாராவது கேட்டால் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவர் வெளியே ஓடி வாய் கொப்பளித்தார். வெற்றிலையைக்கூடத் தொடாமல் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உறைய வைக்கிறாங்கன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்னடா?" என்று அம்மா அழுதாள். அப்படிச் சொல்ல மாட்டேன். பின்னால் தெரிந்தால் அடி அக்காவுக்குத்தான் விழும். யோசிக்காமல் பரிமாறியது என் தப்பு. கேட்டதற்கு உண்மையைச் சொன்னது தப்பே இல்லை.

1. நாளை லீவு போட்டு முதல் ரயிலில் கிள்ளானுக்குப் போவேன். காலில் விழ மாட்டேன். செய்தது நான், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று நேரே நின்று சொல்வேன்.
2. என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்வேன். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் சும்மா இருக்க மாட்டேன்.
3. போவதற்கு முன், அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அக்காவிடம் கேட்க வேண்டும். இன்று அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.