அண்டங்காக்கையும் கழுகும், உன் மகளின் குடியும்

கம்பளிக் கோட்டைப் பூச்சி அரிக்காமலிருக்க இங்கே ஜெர்மனியில், ஹனோவர் கடைகளில் தேவதாரு மரத்துண்டுகள் விற்கிறார்கள். நேற்று ஒரு பொதியைப் பிரித்தேன். அந்த ஹைடாப் பெண்மணி கொண்டுவந்த பெட்டியின் வாசம் அடித்தது. அதை முகர்ந்துவிட்டு நீ என்னிடம் நீட்டியது நினைவுக்கு வந்தது.

நம் தமிழ்ப் பத்திரிகைக்கு நான் எழுதவும் நீ படமெடுக்கவும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய் தீவுகளிலிருந்து, அந்த அருங்காட்சியகத்திலிருக்கும் தம் முன்னோரின் பொருள்களைப் பார்க்க அவர் வந்திருந்தார். தீவுகளுக்கு வெள்ளையர் சூட்டிய பெயரை இப்படியொரு பெட்டிக்குள் வைத்து அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிச் சிரித்தார். அது ஓர் இங்கிலாந்து அரசியின் பெயர், அவரோ ஜெர்மனியில் பிறந்தவர். “அப்ப பார்சல் இஞ்சதான் வந்திரிக்கணும்,” என்று என் காதில் சொன்னாய்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு நீ கமராவைக் கீழே இறக்கினாய். ஹைடா மக்கள் அண்டங்காக்கைப் பக்கம், கழுகுப் பக்கம் என இரண்டு பிரிவு. பிள்ளை தாயின் பக்கம். ஒரே பக்கத்தில் மணமுடிக்க முடியாது.

“மச்சான், இது எங்கட மட்டக்களப்புக் குடி,” என்றாய். தாய்வழி வரும் குலத்தை உங்கள் பக்கம் குடி என்பீர்கள்.

நாம் முதன்முதலில் சந்தித்தபோது, “நீங்க என்ன குடி?” என்று கேட்டாய். நான் யாழ்ப்பாணத்தான். “நான் குடிக்கிறேல்லை அண்ணை,” என்றேன். அதைக் காண்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

உன் மகள் விஷயத்தில் மட்டும் சிரித்ததில்லை. ஊர்க் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடிக்குரியது. அங்கே யாரோ அவளிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். தாய் ஜெர்மன்காரி, பிள்ளைக்குக் குடி இல்லை. “அப்ப நான் எங்க நிக்கிறது, அப்பா?” என்றாளாம்.

அந்தக் கேள்வியை நீ ஹைடாப் பெண்மணியிடம் கேட்டாய். வெளியிலிருந்து வரும் பெண்ணை ஒரு வீட்டார் மகளாக ஏற்று, விருந்து வைத்து ஊரறியச் சொல்வார்கள், பிறகு பிள்ளைகளுக்கு இடமுண்டு என்றார். அம்மை நோயில் ஊர் ஊராக வெறுமையானவர்கள் அவர்கள். பெண்பிள்ளை இல்லாத வீட்டின் வழி அங்கேயே நின்றுவிடும் என்று அறிந்தவர்கள்.

திரும்பும் ரயிலில் திட்டமே போட்டுவிட்டாய்.

“அக்காட மாமி வேற குடி. அவ என்ட மனிசிய மகளா எடுத்தா, புள்ளைக்குக் குடி வந்திரும்.”

“அப்ப கேளன்.”

“எப்பிடிக் கேக்கிற? வெள்ளைக்காரிய மகளா எடுங்க எண்டா சிரிப்பாங்க.”

அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது நேரில் கேட்பதாகச் சொன்னாய். அதற்கு முன் மாமி போய்விட்டார். பிறகு நீயும்.

உன் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் அக்காவோடு தொலைபேசியில் பேசினேன். இந்தக் கதையையும் சொன்னேன்.

“மாமிக்கு எல்லாம் ஆம்புளப் புள்ளதான். குடி தன்னோட முடியுதெண்டு கடைசி வரைக்கும் சொல்லி அழுதவ. ஒரு மகள் கிடைச்சா விட்டிருப்பாவா, தம்பி?”

உனக்குரிய செய்தி அது. பிந்திவிட்டது. உன் மகளிடம் சொன்னால், அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தனக்கும் அங்கே ஓர் இடம் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அதை நானே வைத்திருக்கிறேன்.