அப்பாவின் கழுத்தும் உன்னுடைய ஒரு சொல்லும்

பண்டத்தரிப்பு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் றூபனுக்கு,

நீயும் நிவேதனாவும் பிள்ளைகளும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் உன் அப்பா கழுத்தில் பட்டியோடு கட்டிலில் இருக்கிறார், அதற்குக் காரணம் நீ. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரல் கேட்டதும் அவர் போனைப் பறித்து வைத்துக்கொண்டு என்னை வாய் திறக்க விடமாட்டார். அதனால் எழுதுகிறேன், உன் தங்கை அனுஜா இதைப் படம் எடுத்து அனுப்புவாள்.

அப்பாவின் தலையிடி உனக்குத் தெரியும், பிடரியில் தொடங்கி மேலே ஏறி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் குலுங்கிக் குலுங்கித் திரிந்து கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, தலையிடி அங்கேயிருந்துதான் வருகிறது என்று ஆசுப்பத்திரியில் சொல்லிப் பயிற்சி காட்டிவிட்டார்கள். முணுமுணுத்தாலும் செய்துகொண்டுதான் இருந்தார், வெங்காய நடுகையை நின்று பார்க்கிற அளவுக்குத் தேறியும் விட்டார். அப்போதுதான் நீ போன் எடுத்தாய். ‘எனக்கும் உதே தலையிடிதான் அப்பா, இஞ்சை கைரோபிராக்டர் எண்டு ஒராள், கழுத்தைப் பிடிச்சு ஒரு திருப்பு, டக்கெண்டு ஒரு சத்தம், தலையிடி போட்டுது. எங்கடை சலூனிலை செய்யிறதுதான், இவங்கள் அதுக்குப் படிச்சுப் பட்டம் எடுத்து வைச்சிருக்கிறாங்கள்’ என்று சொல்லிச் சிரித்தாய். நீ சிரித்தாய், அவர் வேதவசனம் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள், இந்த வீட்டில் உள்ளூர்ச் சொல்லே ஏறாது. நீ அனுப்பும் மருந்துக் குளிசைதான் நோவுக்குக் கேட்கும், இங்கே வாங்குவது கேட்காது என்கிற மனிதரிடம் கதைக்கிறோம் என்று உனக்கு ஒரு யோசனை இருக்க வேண்டாமா?

அடுத்த நாளே தலைமயிர் வெட்டப் போகிறேன் என்று சந்திச் சலூனுக்குப் போய்விட்டார். வெட்டி முடிந்ததும் கழுத்தைத் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறார். சலூன்காரன் கஜானன் மெல்லத்தான் திருப்பினானாம், ‘என்ன பூவைத் தொடுறமாதிரித் தொடுறாய், சத்தம் கேக்கவேணும், கனடாவிலை என்ரை மகனுக்கு அப்பிடித்தான் செய்யிறது’ என்று இவர்தான் உறுக்கியிருக்கிறார். சத்தம் கேட்டது. கதிரையிலேயே தலை சுற்றிச் சத்தி எடுத்து, வலக்கை விறைத்துப் போனார், செய்தி கேட்டு நாங்கள் போய் ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினோம். மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் கிழியாதது கடவுள் புண்ணியம், நரம்பு நசிந்திருக்கிறது, இனி அந்தக் கழுத்தில் ஒருவரும் இப்படிக் கை வைக்கக் கூடாது, அடுத்த முறை பாரிசவாதத்தில் முடியலாம் என்று டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போதும் தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால்தான் பிடிக்கிறார்.

நான் நிவேதனாவிடம் கேட்டேன், அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. உன்னுடைய அந்தக் கைரோபிராக்டர் முதல் நாள் கழுத்தைத் திருப்பவே இல்லையாம், எக்ஸ்றே பார்த்து, தலை சுற்றுமா கை விறைக்குமா என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதானாம் கை வைத்தார், பிறகும் திருப்பியது குறைவாம், பயிற்சிதான் கூடவாம். இதில் ஒன்றையாவது அப்பாவுக்குச் சொன்னாயா? அது போகட்டும், உன் தலையிடி போகவும் இல்லையாம். முந்தியைவிடக் குறைவுதான், ஆனால் வருகிறதாம், வந்தால் அறையை இருட்டாக்கிக்கொண்டு படுக்கிறாயாம். அப்பா கவலைப்படுவார் என்று பொய் சொன்னாயாம். நல்ல பாசமடா உன்னுடையது.

இன்னும் முடியவில்லை. நேற்று அனுஜாவிடம் சொல்கிறார், ‘அவன் ஒரு பக்கந்தான் திருப்பினவன், அதுதான் பிழைச்சுப் போச்சு, மற்றப் பக்கமும் திருப்பினால் சரிவரும், றூபனுக்குச் சரிவந்ததுதானே’ என்று. கஜானன் பயந்துபோய் இனி மாட்டேன் என்று கும்பிட்டுவிட்டான், இவர் சங்கானைப் பக்கம் வேறு சலூன் விசாரிக்கிறார், திங்கட்கிழமை போவாராம். எங்கள் சபைப் பாஸ்ரர் வந்து சொல்லியும் கேட்கவில்லை. நான் கதைத்தால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஆகையால் இதைக் கண்டவுடன் அவருக்குப் போன் எடு. ஆபத்து, டொக்டர், நரம்பு என்று நீட்டாதே, அதெல்லாம் நாங்கள் சொல்லிக் களைத்துவிட்டோம். ‘எனக்குத் தலையிடி மாறேல்லை அப்பா, நான் சொன்னது பொய்’ என்று மட்டும் சொல்லு. அவரை மறிக்க இனி அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

உன் பயிற்சியை விடாதே, குனிந்தபடி போன் பார்க்காதே, பிள்ளைகளை ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிப் போ. கோபத்தோடு ஜெபிக்கக் கூடாது என்பார்கள், நான் கோபத்தோடுதான் உங்கள் எல்லோருக்காகவும் முழங்காலில் நிற்கிறேன். கர்த்தர் உன்னையும் உன் குடும்பத்தையும் காப்பாராக.

நீ அப்பாவிடம் உண்மையைச் சொல்லும்வரை உன்னோடு கதைக்க மாட்டாத,
அம்மா மனோன்மணி