குறை டிஸ்ட்ரிபியூட்டரில் இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், வண்டியும் ஒருவழியாக நலம். நீ நலம் என்பதை இத்தனை மாதமாக அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், அது ஏன் என்பது கொஞ்சம் தள்ளி வரும், பொறுமையாகப் படி.

முதலில் வண்டிக் கதை. ஆறு மாதமாக நம் மகாராணிக்கு உடம்பு சரியில்லை. ரயில் நிலையத்து மேட்டில் பாதி ஏறியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும், மூச்சு வாங்கி நின்றுவிடுவாள். எனக்குச் சந்தேகமெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டர் மேல்தான், ஐந்து கறுப்பு வயர் முளைத்திருக்கும், சின்ன வயதில் நீ சிலந்தி என்பாயே, அதுதான். நேரம் பார்த்துப் பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஒரு மெக்கானிக் அதைத் தூக்கிப் போடலாம் என்றார், இன்னொருவர் வண்டியையே தூக்கிப் போடலாம் என்றார், மூன்றாமவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. இதற்கிடையில் உன் அம்மா, மேடு ஏறும்போதெல்லாம் யாரோ கல்லை மெல்லுகிற மாதிரி சத்தம் வருதே என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். பொறி விழும் நேரத்தை, அதுதான் டைமிங், முப்பது வருஷமாகக் காதாலேயே வைக்கிற எனக்குத் தெரியாததா என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் உதிரிபாகக் கடைக்காரர் ஒரு விலாசம் கொடுத்தார். தையல் கடைக்கு மேல் மாடி, ஒற்றை அறை. டைமிங் அக்கா என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஐம்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. டிஸ்ட்ரிபியூட்டர் தவிர வேறு எதையும் தொடமாட்டார். சிலந்தியைக் கழற்றி, மோட்டார் வைத்த மேஜையில் சுற்றவிட்டு, ஒவ்வொரு பொறியும் விழும் இடத்தைத் தாளில் குறித்தார். பள்ளிக்கூடத்தில் உன் மதிப்பெண்ணுக்குக் காத்திருந்த மாதிரி நின்றேன். ஒரு குட்டி ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, இது நல்லாத்தான் இருக்கு சார், நீங்க எப்பவும் வைக்கிற மாதிரியே டைமிங் வைங்க, போய்ப் பார்த்துடலாம் என்றார். வைத்தேன். உன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மூவருமாக மேட்டுக்குப் போனோம். பாதி ஏறும்போது, இந்தச் சத்தம் கேட்குதா சார் என்றார். எந்தச் சத்தம் என்றேன். பின்சீட்டில் உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

டைமிங் வைக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும்வரை சிலந்தியைத் திருப்பி, கேட்டதும் கொஞ்சம் பின்வாங்குவதுதான் என் வழக்கம். என் காதுக்குத்தான் கேட்கவே இல்லையே, திருப்பிக்கொண்டே போயிருக்கிறேன், பொறி முந்தி முந்தி விழுந்து வண்டி கொதித்திருக்கிறது. அக்கா சாலையோரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மின்னி மின்னி எரிகிற ஒரு விளக்கைப் பிடித்து, எஞ்சின் சக்கரத்துக் கோடும் பக்கத்துக் கோடும் சேரும் இடத்தில் டைமிங்கை வைத்துக் காட்டினார். இனிமே கண்ணால வைங்க சார், காதை டாக்டர்கிட்ட காட்டுங்க என்றார், சிரிக்காமல்தான் சொன்னார். மகாராணி ஒரே மூச்சில் ஏறினாள்.

இப்போது உன் விஷயம். மூன்று மாதம் முன்பு போனில் என்னிடம் ஏதோ கேட்டாய். எனக்கு வெறும் இரைச்சல்தான் வந்தது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பார்த்துச் செய்மா என்று பொதுவாகச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு நீ என்னிடம் பேசவே இல்லை. நான் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன் என்று அம்மாவும் நினைத்து, நல்லா இருக்கா என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மேட்டிலிருந்து திரும்பிய அன்றுதான் சொன்னாள், வேலை போய்விட்டது, வீட்டுக்கு வந்துடட்டுமா அப்பா என்று நீ கேட்டாயாம். நான் ஊரைவிட்டுப் போன கோபம் அப்பாவுக்கு இன்னும் தீரவில்லை என்று அழுதாயாம். எனக்கு மனசே ஆறவில்லை மகளே. கோபம் நீ போன வருஷமே தீர்ந்துவிட்டது, வீம்புதான் மிச்சம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போகிறோம், முரண்டு பிடிக்காமல் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருவரும் வேண்டிக்கொள்கிறோம். பயணத்தில் வெறும் வயிற்றோடு இருக்காதே. என்ன பயணம் என்கிறாயா, நீ கேட்டதற்கு மூன்று மாதம் கழித்துப் பதில் சொல்கிறேன்: வா. நிலைய வாசலில் வண்டியோடு நிற்பேன்.

இப்படிக்கு,
உன் செவிட்டு அப்பா