புண்ணாக்கு வைத்தால் புல் தின்னாது என்றீர்களே

இன்று காலை கடலைப் புண்ணாக்கு மூட்டையைப் பிரித்தேன். குப்பென்று எண்ணெய் வாசம். உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. செத்துப்போன புருஷனை நினைத்தால் அழுகைதான் வரணும் என்கிறாள் உங்கள் அக்கா. நீங்கள் எங்கே என்னை நிம்மதியாக அழ விட்டீர்கள்?

போன கோடையில் நம் செம்மறிகள் எல்லாம் சினை. சேவூர்ப் பக்கம் மேய்ச்சலே இல்லை. காய்ந்த புல்லைப் போட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. தடவினால் முதுகெலும்பு கையில் இடித்தது. கால்நடை டாக்டரம்மா வந்து, ஆட்டுக்கு ஒரு கை புண்ணாக்கு வையுங்கள், புல் தானாக இறங்கும் என்றார். வயிற்றுக்குள் இருக்கும் நுண்கிருமிகள்தான் புல்லைச் செரிக்க வைக்கின்றனவாம். அதுகளுக்குப் புரதம் கிடைக்காவிட்டால் தின்ற புல் அப்படியே தங்கிவிடுமாம். வயிறு காலியாகாமல் ஆடு எப்படித் தின்னும் என்று கேட்டார். நீங்களும் பெரிதாகத் தலையை ஆட்டினீர்கள்.

அவர் வண்டி தெருமுனை தாண்டியிருக்காது. தறியில் போய் உட்கார்ந்துகொண்டு, "அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்? புண்ணாக்குல வயிறு ரொம்பிட்டா புல்ல எது தொடும்?" என்றீர்கள்.

நானும் விடவில்லை. என் பேஜார் தாங்காமல் ஒரு நாள் புண்ணாக்கு வைத்தீர்கள். எப்படி? மாட்டுக்குக் கரைப்பதுபோல் தொட்டி நிறையத் தண்ணீரில் கரைத்து! ஆடுகள் முட்ட முட்டக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டன. இரண்டுக்குக் கழிச்சலும் கண்டது. "பாத்தியா, நான் சொன்னனே" என்று உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஜரிகையில் ஓர் இழை தப்பினால் பிடித்துவிடும் மனுஷனுக்கு, ஒரு கை என்றால் எவ்வளவு என்று தெரியவில்லையாம். அதோடு மூட்டையைக் கட்டி மேலே போட்டுவிட்டீர்கள். அந்த ஈற்றில் பாதிக் குட்டிகள் எழுந்து நிற்கவே இல்லை.

அப்புறம் உங்களுக்கே காசநோய் வந்தது. மாத்திரையோடு முட்டையும் சுண்டலும் கட்டாயம் தின்னணும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நீங்களோ, "கஞ்சியே எறங்கல. முட்டையத் துன்னுட்டா அதுவும் எறங்காது" என்றீர்கள். அதே பேச்சு, ஒரு எழுத்து மாறவில்லை. முட்டையை மசித்துக் கஞ்சியில் கலந்துகூடப் பார்த்தேன். மோப்பம் பிடித்துக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டீர்கள். குளிக்க வைக்கும்போது உங்கள் முதுகு என் கையில் இடிக்கும். எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது, போன கோடை ஆட்டுக் கொட்டகைதான் வரும்.

இந்தக் கோடையில் யாரையும் நான் கேட்கவில்லை. புண்ணாக்கை இடித்து, கரைக்காமல், ஆட்டுக்கு ஒரு கை வைக்கிறேன். கொஞ்ச நாளிலேயே காய்ந்த புல்லுக்கு ஒன்றையொன்று முட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. நேற்றுப் போட்ட குட்டி விழுந்து எழுந்து மடியைத் தேடிப் போனது. நான் சொன்னதுதான் சரி என்று கத்தத் திரும்பினேன். தறிப்பக்கம் யாரும் இல்லை.

முட்டை தின்றிருந்தால் பிழைத்திருப்பீர்களோ என்னமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோபம் மட்டும் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. வாயில்லா ஜீவன், அதுகூட என் கையிலிருந்து வாங்கித் தின்கிறது. நீங்கள் ஒரு வாய் தின்றிருக்கக் கூடாதா?