முனை கருகிய திருப்புளி

உன் மகள் நேற்று வந்திருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம், பழைய துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "இது உங்களுக்குனு அம்மா எப்பவோ சொல்லி வச்சிருந்தாங்க ஆன்ட்டி" என்றாள். பிரித்தால், சிவப்புப் பிடி போட்ட அந்த நீளத் திருப்புளி. முனையில் கருகிய பள்ளம் அப்படியே இருக்கிறது. இதைப் போய் இத்தனை வருடம் வைத்திருந்தாயே, உன்னை என்ன சொல்வது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து நீயும் நானும் விடியுமுன் பஸ் ஏறிப் போய், தொழிற்சாலையில் டிவி சர்க்யூட் பலகைகளுக்கு ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தோம். சுங்கை பெசார் காப்பிக்கடையில் கழித்துப் போட்ட வீடியோ கேம் பெட்டி ஒன்றைத் தோட்டத்து இளைஞர் மன்றத்துக்காரர்கள் லோரியில் ஏற்றி வந்து தோட்ட மண்டபத்தில் இறக்கினார்கள். "டிவி கம்பெனியிலதான வேலை செய்றீங்க, கொஞ்சம் பாருங்க லா" என்றார் மன்றச் செயலாளர். அதுவரை நாம் ஒரு டிவியின் முதுகைக்கூடத் திறந்ததில்லை. உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நாளைக்கே ஓட வச்சிடுறோம்ணே" என்று ஏற்றுக்கொண்டாய்.

சனிக்கிழமை மாலை கரண்ட் வந்ததும் சொருகிப் பார்த்தோம். சத்தம் வந்தது, படம் வரவில்லை. திரையின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. எங்கோ ஈயப் பற்று விட்டிருக்கிறது என்றாய். தோட்டத்தில் கரண்ட் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைதான். கரண்ட் தரும் தோட்டத்து இன்ஜின் நின்றால் எல்லாம் செத்தது என்றுதான் நாம் வளர்ந்தோம். லயத்து வீடுகளில் யாரும் சுவிட்சைக்கூட அணைப்பதில்லை.

மறுநாள் மதியம் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்.

"ப்ளக் கழட்டிட்டியாடி?"

"கழட்டியாச்சு லா."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரண்டை நிறுத்தினாலும் பிக்சர் டியூப் அதைத் தனக்குள் வைத்திருக்கும், ஒரு கைதான் உள்ளே போகவேண்டும் என்று தொழிற்சாலையில் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். திருப்புளியில் ஒயரைச் சுற்றி, மறுமுனையைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் இறுக்கினாய். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் முனையை நுழைத்தாய். டப் என்றது. நீலமாக ஒரு பொறி, முனையில் கருகிய பள்ளம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தொட்டாய், சத்தமில்லை. இருவரும் சிரித்தோம். அதோடு பயம் விட்டுப்போயிற்று.

பகலில் கரண்ட் இல்லாததால், ஈயம் வைக்கும் செப்புக்கட்டையைக் கரி அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும். திடல் ஓரத்தில் நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். நீ மண்டபத்துக்குள், பெட்டிக்குள் தலையை விட்டபடி, விரிசல் கண்ட இடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

அப்போது இன்ஜின் சத்தம் கேட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை. தோட்டத் துரையின் பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்ததால் முன்னதாகவே இன்ஜினைப் போட்டது நமக்கு எப்படித் தெரியும்? இன்ஜின் சூடேறிய பிறகுதான் கரண்ட் விடுவார்கள், இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ. ப்ளக்தான் கழட்டியாச்சே என்று நினைத்தேன். யார் கழட்டியது? நான் பார்க்கவே இல்லையே.

ஓடினேன். செருப்பு ஒன்று திடலிலேயே போயிற்று. படியில் முழங்கால் அடிபட்டது. பெஞ்சுக்குப் பின்னால் கையை விட்டு, ப்ளக்கை ஒயரோடு சேர்த்துப் பிடுங்கினேன். தலைக்கு மேல் காற்றாடி மெல்லச் சுற்றத் தொடங்கியது. உன் விரல்கள் இன்னும் பலகையின் மேல்தான் இருந்தன.

நீ பெட்டியிலிருந்து தலையை எடுத்துக் காற்றாடியைப் பார்த்தாய். பிறகு என் கையிலிருந்த ப்ளக்கைப் பார்த்தாய். அப்படியே தரையில் உட்கார்ந்தாய்.

நான் ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்த செயலாளர் கத்தினார். "ப்ளக்க கழட்டாமலா கைய வச்சீங்க? யாரு பாத்தது?"

"நான்தாண்ணே மறந்துட்டேன். இவதான் ஓடியாந்து புடுங்கினா" என்றாய்.

நான் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை, ஈயம் வைத்து முடித்துச் சொருகியதும், கோடு விரிந்து படமானது. எல்லாரும் கை தட்டினார்கள். அதன் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் சந்தித்தாலும் "இவ ஓடி வரலன்னா நான் இல்ல" என்று ஊருக்கெல்லாம் சொல்வாய். நானும் கூடச் சிரிப்பேன். வெட்கங்கெட்டவள்.

உன் மகளும் நேற்று அதையே சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தமுறை என்னால் முடியவில்லை. "உங்கம்மா என்கிட்ட கேட்டா. நான்தான் பாக்காமலே கழட்டியாச்சுன்னு சொன்னேன்" என்றேன்.

"அம்மா எங்ககிட்டகூட அத சொன்னதில்லையே ஆன்ட்டி" என்றாள்.

சாகும்வரை என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். நான் உன்னைக் காப்பாற்றியதாக ஊரை நம்பவைத்துவிட்டு.

இன்று காலை சோற்றுப் பானையின் ஒயர் விட்டிருந்தது. உன் திருப்புளியை எடுத்தேன். வழக்கம்போல் ப்ளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு எழுந்து போய்ச் சுவரையும் ஒருமுறை பார்த்தேன். "கழட்டியாச்சு" என்று வாய்விட்டு உனக்குச் சொன்னேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.