கையெழுத்துப் போட மாட்டேன்

அக்டோபர் 2, 2018, செவ்வாய்
பின்தோட்டத்து ஆப்பிள் அறுபத்திரண்டு கிலோ. போன வருடம் நாற்பத்தெட்டு. சாறு பிழிய நாற்பது, கூழுக்குப் பன்னிரண்டு, மீதி நிலவறையில். எல்லாவற்றையும் நம் தொழிற்சாலையின் தராசில்தான் நிறுத்தேன். 1961-இல் மாமனார் செய்தது, அடியில் ‘க்னாப்’ என்று பெயர் பொறித்தது. இன்னும் பத்து கிராம் பிசகவில்லை.

மத்தியானம் பருப்பும் மாவுக்கொழுக்கட்டையும். இரண்டாம் முறை பரிமாறும்போது என் கணவர் எபர்ஹார்ட் சொன்னார், “ம்யூனிக்லேர்ந்து ஒரு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். தொழிற்சாலையை வித்துடலாம்னு இருக்கேன்.” தாழ்வாரத்து பல்பை மாற்றலாமா என்று கேட்கிற குரல். கரண்டி என் கையிலேயே நின்றது.

அக்டோபர் 3, புதன்
விடுமுறை நாள். விற்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அக்டோபர் 7, ஞாயிறு
அறுவடை நன்றி ஆராதனை. பூசணி, முட்டைக்கோஸ், கோதுமைக் கதிர்களுக்கு நடுவே வழக்கம்போல நம் தராசு ஒன்று. பீடத்தில் அதை வைத்தது, பட்டறையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ரீக்கே. மட்டம் காட்டும் குமிழி நடுவில் வரும்வரை நான்கு கால்களையும் திருகிச் சரிசெய்தாள். கோயிலில் யார் பார்க்கப்போகிறார்கள்? யாரும் இல்லை. ஆனாலும் செய்தாள்.

நன்றி சொல்ல வேண்டிய நாளில் நான் கர்த்தரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 11, வியாழன்
ம்யூனிக்கிலிருந்து டாக்டர் லாண்ட்கிராஃப் வந்தார். மெலிந்த ஆள், பளபளக்கும் காலணிகள். ப்ளம்ஸ் கேக் வைத்தேன். அம்மா செய்தது போலவே இருக்கிறது, அற்புதம், அபாரம் என்றார். ஒரே துண்டுக்கு இத்தனையா?

சாப்பாட்டு மேசையிலேயே காகிதங்களை விரித்தார். க்னாப் என்ற பெயர் அப்படியே இருக்குமாம். பட்டறை மட்டும் இரண்டு வருடத்தில் வேறு நாட்டுக்குப் போகுமாம். பழுதுபார்க்கும் பகுதியை உடனே மூடிவிடுவார்களாம். அதைச் சொல்லும்போது உண்மையிலேயே புரியாதவராக எபர்ஹார்டைக் கேட்டார்: “ஐம்பது வருஷத்துக்கு முன்னால வித்த தராசையெல்லாம் இன்னும் இலவசமா சரிபண்ணித் தர்றீங்களே, ஏன்?”

“நாங்கதானே வித்தோம்” என்றார் எபர்ஹார்ட்.

லாண்ட்கிராஃப் பேனாவைப் பிடித்தபடி மீதிப் பதிலுக்குக் காத்திருந்தார். மீதி என்று ஒன்றும் இல்லை. கேக்கில் இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்டேன்.

இப்படிப் பதில் சொல்கிற மனிதர் ஏன் விற்கிறார்? லாண்ட்கிராஃப் போன பிறகு எபர்ஹார்டைக் கேட்டேன். “எனக்கு அறுபத்தாறு. எனக்கப்புறம் யாரு? உன் மக ஹாம்பர்க்ல வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா.” என் மகளாம். தொழில் தேர்வில் முதல் வகுப்பில் தேறியபோது யார் மகளாக இருந்தாள்?

அக்டோபர் 16, செவ்வாய்
நோட்டரியின் கடிதம். மொத்தச் சொத்தையும் விற்பதென்றால் மனைவியின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். சட்டம்.

நூலகத்தில் அந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து, முன்பு பட்டறைக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்ட மாதிரியே விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அன்று மடியில் ரீக்கே இருந்தாள்; இன்று மூக்கில் கண்ணாடி. இரண்டு முறை படித்தேன். சந்தேகமே இல்லை. முப்பத்தைந்து வருடமாக அடுப்படியில் நிற்கிறவள் ஒப்பாமல் ஒரு ஆணி கூட விற்க முடியாது.

மாலையில் பிரார்த்தனைக் கூட்டம். கீழ்ப்படிதல் பற்றிப் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 17, புதன்
போட மாட்டேன்.

அக்டோபர் 20, சனி
இந்த வாரம் தெருவைப் பெருக்கும் முறை நமக்கு. எதிர்வீட்டு ஹெட்விக் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “இனி துடைப்பம் எதுக்குடி? ஏரிக்கரையில பங்களா வாங்கப் போறீங்களாமே, பெருக்க ஆள் வெச்சுக்கலாம்ல” என்றாள். அவள் வீட்டு வாசல் வரைக்கும் சேர்த்துப் பெருக்கிவிட்டு, “உன் பக்கத்துக் குப்பையையும் அள்ளிட்டேன், பாத்துக்கோ” என்றேன்.

ஆனால் பெருக்கும்போதே யோசித்தேன். எதற்காக இந்தப் பிடிவாதம்? பணத்துக்கா? பதினேழு வருடமாக ஒரே கார். ம்யூனிக்காரர்கள் கொடுப்பதாகச் சொல்கிற தொகையை நினைத்தால் எனக்குத் தூக்கம் கெடுகிறதே தவிர ஆசை வரவில்லை. அப்படியென்றால் கர்வமா? க்னாப் என்ற பெயர் மீதுள்ள கர்வமா? கர்த்தாவே, அதுவும் கொஞ்சம் உண்டு. மறைக்கவில்லை.

ஆனால் அது மட்டும் இல்லை. எங்கோ ஒரு ஊரில், பிறந்து நான்கு நாளான பிள்ளையை ஒரு தாய் நம் தராசில் கிடத்துகிறாள். முள் காட்டுகிற எண்ணைப் பார்த்து அழுகிறாள், அல்லது மூச்சு விடுகிறாள். அந்த எண் சரி என்று யாராவது பொறுப்பேற்க வேண்டாமா? ம்யூனிக்காரர்களுக்கு அந்தத் தராசு விற்று முடிந்த பொருள். எங்களுக்கு அது இன்னும் முடியவில்லை.

இதை டாக்டர் லாண்ட்கிராஃபிடம் சொல்லியிருக்க வேண்டும். கேக் வேண்டுமா என்று கேட்டேன். நான் ஒரு மக்கு.

அக்டோபர் 23, செவ்வாய்
சண்டை. முப்பத்தைந்து வருடத்தில் இது இரண்டாவது.

“கையெழுத்துப் போடாம பூட்டி வெச்சு யாருக்குக் குடுக்கப் போற? கல்லறைக்கா?”
“ரீக்கேக்கு.”
“அவளுக்கு வேண்டாமே.”
“கேட்டியா?”
“அவ சொல்லலியே.”
“நீ கேட்டியான்னு கேட்டேன்!”

கதவைச் சாத்திக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். உருளைக்கிழங்கு அடி பிடித்துவிட்டது. பரவாயில்லை.

அக்டோபர் 25, வியாழன்
பரிசோதனை அறைக்குப் போனேன். ரீக்கே எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கதவருகே நின்று நேராகவே கேட்டேன், இந்தத் தொழில் உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று.

கற்களையெல்லாம் பெட்டியில் அடுக்கினாள். பிறகு சொன்னாள்:

“ஒன்பது வருஷமா இங்க இருக்கேன்மா. ஒரு தடவை கூட அப்பா ‘நல்லா பண்ணியிருக்க’ன்னு சொன்னதில்ல. ஹாம்பர்க்ல ஒரு மணி நேர நேர்காணல்ல மூணு தடவை சொன்னாங்க.”

“உன்னைத் திட்டினாரா?”
“இல்ல.”
“ஒரு தடவை கூட?”
“இல்லம்மா.”

அப்புறம் என்னடி என்று கேட்க வாயெடுத்தேன். எங்கள் ஊரில் திட்டாமல் இருப்பதற்கு மேல் பாராட்டு கிடையாது. என் அப்பா அப்படித்தான். மாமனார் சாகும்வரை அப்படித்தான். பட்டறையில் ஸ்டாவ்ரோஸ் முப்பது வருடமாக இருக்கிறார். அவர் செய்த சுருள்வில் ஒன்றை எபர்ஹார்ட் கையில் வாங்கி, பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வைத்தால் அன்றைக்கு ஸ்டாவ்ரோஸ் விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

அதை அவளிடம் சொன்னேன்.

“எனக்கும் தெரியும். ஆனா ஒன்பது வருஷம் அதையே தின்னுட்டு உயிரோட இருக்க முடியாதும்மா. ம்யூனிக் கடிதம் வந்தப்பவே, அவருக்கு நான் போதாதுன்னுதான் விக்கிறார்னு நினைச்சேன். அதான் எழுதிப் போட்டேன்.”

அவர் அங்கே, இவள் போகிறாள் என்பதால் விற்கிறார். இவள் இங்கே, அவர் விற்கிறார் என்பதால் போகிறாள். நடுவில் நான், ஆப்பிளை நிறுத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து என் நோட்டுகளைப் புரட்டினேன். முப்பத்தைந்து நோட்டு. எத்தனை ஜாடி ஊறுகாய், எத்தனை முழம் துணி, ரீக்கேக்கு எந்த நாளில் எத்தனை டிகிரி காய்ச்சல் — எல்லாம் இருக்கிறது. ‘இன்று அவளிடம் நல்லா இருக்கிறது என்று சொன்னேன்’ என்று ஒரு வரி இல்லை. ஒரே ஒரு வரி கூட. அவரை என்ன சொல்ல?

அக்டோபர் 28, ஞாயிறு
கோயிலிலிருந்து வரும் வழியில் சொல்லிவிட்டேன். அவள் சொன்னது முழுவதும், ஒரு வார்த்தை குறைக்காமல். எபர்ஹார்ட் நின்றுவிட்டார்.

“அவளுக்குத் தெரியாதா என்ன?”
“தெரியாது. நீதான் சொல்லணும்.”
“எனக்கு அதெல்லாம் வராது, டோர்லே.”
“விக்கறதுக்கு வாய் வந்துச்சுல்ல? இதுக்கும் வரட்டும். வர்ற வரைக்கும் என் கையெழுத்தும் வராது.”

அவரிடம் இப்படிப் பேசியதற்காக முழங்காலில் நின்றேன். வருத்தப்பட வரவில்லை. வராததை வந்ததாகக் கர்த்தரிடம் சொல்ல முடியாது.

அக்டோபர் 31, புதன்
ரீக்கே சொல்லித்தான் தெரியும். பட்டறை முழுக்க ஆள் இருக்கும்போது அவளுடைய புதுத் தராசைக் கையில் எடுத்தாராம். தலைகீழாகத் திருப்பி, திரும்ப நிமிர்த்தி வைத்தாராம். காதெல்லாம் சிவந்துபோய், “இதை என்னால செஞ்சிருக்க முடியாது” என்றாராம். உடனே கழிப்பறைக்குப் போய்விட்டாராம்.

ஸ்டாவ்ரோஸ் ரீக்கேயிடம் கேட்டாராம், “முதலாளிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

சொல்லும்போது சிரித்தாள். பிறகு என் சமையல் ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் சொன்னேன். ஆராதனைப் பீடத்தில் குமிழியை நடுவில் கொண்டுவந்தாயே, அதைப் பார்த்தேன், நன்றாகச் செய்தாய் என்று. குரல் தகர டப்பா மாதிரி வந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

நவம்பர் 6, செவ்வாய்
ம்யூனிக்குக்குப் பதில் போயிற்று. விற்கவில்லை என்று மூன்றே வரி. ரீக்கே எழுதினாள், எபர்ஹார்ட் ஒட்டினார், நான் தபாலில் போட்டேன். ஹாம்பர்க்குக்கும் ஒன்று, அதே பெட்டியில்.

நவம்பர் 10, சனி
ஹெட்விக்: “பங்களா என்னாச்சு?” நான்: “தெருவைப் பெருக்கறதே பிடிச்சிருக்கு.”

டிசம்பர் 12, புதன்
மூவரும் நோட்டரியிடம் போய் வந்தோம். காகிதத்தை மூன்று முறை படித்தேன். பட்டறையை வாங்குபவர் இடத்தில் ரீக்கேயின் முழுப் பெயர், ஃப்ரீடரிக்கே க்னாப் என்று இருந்தது. மனைவியின் சம்மதம் என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதினேன், டோரோதேயா என்று. பேனா தயங்காமல் எழுதியது.

வீடு திரும்பிய அவசரத்தில் சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். எபர்ஹார்ட் ஒரு வாய் குடித்தார். தொண்டையைச் செருமினார். “ரொம்ப நல்லா இருக்கு” என்றார்.

ரீக்கே உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.