வராத நாட்களையும் எழுது

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை உங்கள் மகள் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் வீடெல்லாம் பரவியது. பெருநாளுக்கு மறுநாள் காத்தான்குடியிலிருந்து நீங்கள் நம் ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்த அதே வாசம்.

வந்த காரியத்தைச் சுற்றிவளைத்துத்தான் சொன்னாள். கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்காளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாளாம். படிப்பித்தவர் என்ற முறையில் நான் சிபாரிசுக் கடிதம் தரவேண்டுமாம்.

"சுகமில்லாத உம்மாவப் பாக்க வேலய விட்டுட்டு வீட்டில நிண்டத மட்டும் எழுதாதீங்க டீச்சர். அதக் கண்டா கூப்பிடமாட்டாங்க."

தலையாட்டி அனுப்பிவிட்டேன். நீங்கள் இறந்த பிறகும், பேனாவை எடுத்ததும் உங்கள் குரல்தான் கேட்டது.

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து கல்லடியில் நம் பள்ளிக்குப் படிக்க வந்த அந்தப் பிள்ளை நினைவிருக்கிறாளா? அவளுடைய உதவித்தொகைக்காக நான் எழுதிய கடிதத்தை உங்களிடம் காட்டினேன். எல்லோருக்கும் எழுதும் அதே சொற்கள்: நன்னடத்தை, பணிவு, கடமையுணர்வு. போதாததற்கு நல்ல குடும்பம் என்றும், தகப்பன் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் என்றும் சேர்த்திருந்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"என்ன புள்ள, கலியாணம் பேசுறியா? தகப்பன் வண்ணக்கரெண்டா இவளுக்குக் கணக்கு வருமா?"

"மறுகா என்னத்த எழுதுற டீச்சர்? பள்ளிக்கு வந்த நாளும் குறைவு."

"வராத நாளையும் எழுது. ஏன் வரல்லயெண்டும் எழுது. நீ கண்ணால கண்டது ஒண்டச் சொல்லு, போதும்."

யோசித்துப் பார்த்தேன். மாரியில் வாவி பெருகினால், ஆட்களை ஏற்றி இரு கரைக்கும் ஓடும் பாதைப் படகு நின்றுவிடும். அவளும் வரமாட்டாள். மீண்டும் ஓடத் தொடங்கிய அன்றே வந்து, தவறிய பாடங்களைச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி முடிப்பாள். கூட வரும் சின்னப் பிள்ளைகளுக்கும் பாதையில் வைத்தே சொல்லிக் கொடுப்பாள். அதை எழுதினேன், வண்ணக்கரை வெட்டினேன். நேர்முகத்தில் பாதையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். உதவித்தொகை கிடைத்தது.

நன்றாகப் பழகாத ஒருவருக்கு நீங்கள் எழுதியதே இல்லை. "ஒன்ன என்னவிட நல்லாத் தெரிஞ்ச ஆளிட்டப் போ மகன், அவர் எழுதினாத்தான் எடுபடும்" என்று மனம் நோகாமல் அனுப்பிவிடுவீர்கள்.

இன்று உங்கள் மகளுக்கு எழுதினேன். மறைக்கச் சொன்ன காலத்தையே நடுவில் வைத்தேன். டாக்டர் உங்கள் மாத்திரையை மாற்றியபோது, பழையதையும் சேர்த்துக் கொடுப்பதா என்று சந்தேகம் வந்து, கிளினிக் வரிசையில் மறுபடியும் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். வலியில் நீங்கள் எரிந்து விழுந்தபோதும் அவள் குரல் உயரவில்லை. இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். கணக்குப் பார்க்கும் ஆளிடம் வேறென்ன வேண்டும்?

மாலையில் தொலைபேசியில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உம்மாட கோபத்தையும் எழுதிட்டீங்களே டீச்சர்!"

"வெட்டட்டா?"

"வேணாம். இரிக்கட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "இப்பிடியே அனுப்புறன். கேட்டா சொல்லுவன், ஓம், உம்மாவப் பாத்தனான் எண்டு."

அந்தக் கம்பனி என்ன சொல்லுமோ தெரியாது. ஆனால் அந்தக் காலத்தைச் சொல்ல அவளுக்கு இனி வெட்கமில்லை. யாருக்குக் கடிதம் எழுதினாலும், இந்த மனிதரிடம் நான் எதைக் கண்டேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் தந்த பழக்கம், டீச்சர். அதனால் பலரை நான் சரியாகப் பார்த்திருக்கிறேன்.